நெல்லித்தோப்பு மாமாவும் மினசோட்டா கேள்வித்தாளும்

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துக்கிட்டு உக்காருங்க.

2006-ல் எங்க மாமாவுக்கு (அம்மாவோட தம்பி) குடலிறக்க ஆபரேஷன். மாமா வீடு நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒரு சந்துல. மில்லுல முப்பது வருஷம் உழைச்சு ரிட்டயர் ஆன மனுஷன். ஒரு நாள் லீவு போட மாட்டார், யாரோடயும் சண்டை கிடையாது, கடன் கிடையாது. ஆஸ்பத்திரி பேர் வேணாம். அட்மிஷன் போடும்போது ஒரு சின்ன டாக்டர் பாரம் வெச்சுக்கிட்டு வரிசையா கேட்டார். சுகர் இருக்கா? இல்ல. பிரஷர் இருக்கா? லேசா. குடிப்பழக்கம் உண்டா? பக்கத்துல மாமாவோட மாப்பிள்ளை நிக்கிறார். கல்யாணம் ஆகி நாலு மாசம்தான் ஆச்சு. மாமா நிமிர்ந்து பார்த்து, "எப்பனா விசேஷத்துக்கு" ன்னார். டாக்டர் 'இல்லை'ன்னு டிக் போட்டார்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. மூணாம் நாள் ராத்திரி மாமாவுக்குக் கை உதற ஆரம்பிச்சுது. வேர்த்துக் கொட்டுது. சுவத்துல பூச்சி ஊர்றதா சொல்லி, எழுந்து பிடிக்கப் பார்க்கிறார். தையல் போட்ட வயிறு. அத்தையும் நானும் ரெண்டு வார்டு பாயும் சேர்ந்துதான் அமுக்கிப் பிடிச்சோம். தினமும் குடிக்கிற உடம்புக்குத் திடீர்னு சரக்கு நின்னா, ரெண்டு மூணு நாள்ல இப்படி ஆகும், சரியா கவனிக்கலைன்னா உயிருக்கே ஆபத்துன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். ஊசி போட்டுத் தூங்க வெச்சாங்க. ஆபத்து போச்சு.

ரெண்டு நாள் கழிச்சு, மனநலப் பிரிவிலிருந்து ஒரு பயிற்சி மாணவி வந்தாங்க. நல்ல பொண்ணு. கையில ஒரு நீளமான கேள்வித்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'சரி' அல்லது 'தவறு' போடணும். மாமா கண்ணாடி வீட்டுல மாட்டிக்கிச்சு. "மாப்ள, நீ படி, நான் சொல்றேன்" ன்னார். படிச்சேன். தூக்கம், வயிறு, சாமி, அப்பா, பள்ளிக்கூடம், கோபம், பயம் எல்லாம் வந்துது. பாதியில மாமா நிறுத்தினார். "இன்னாடா இது, பொண்ணு பாக்க வந்த மாதிரி எல்லாத்தையும் கேக்கறான். கேக்க வேண்டியத மட்டும் கேக்கல."

உண்மைதான். கடைசிவரைக்கும் குடியைப் பத்தி ஒரு கேள்வி இல்ல. முடிவு வந்துது: ஆளுமையில் குறிப்பிடும்படியான கோளாறு இல்லை. அத்தை அதைக் கேட்டுட்டு, "அப்ப மூணு நாளா பூச்சி புடிச்சது யாரு?" ன்னு மட்டும் கேட்டாங்க.

அந்தக் கேள்வித்தாள் எங்கேர்ந்து வந்துது, குடியைப் பத்திக் கேட்காமலே குடிக்கிறவரைக் கண்டுபிடிக்க முடியும்னு யார் நெனைச்சாங்கன்னு அப்பப்போ துருவிக்கிட்டே இருந்தேன். தேடினதுல கெடைச்சதுதான் இந்தப் பதிவு.

கதை மினசோட்டாவில் ஆரம்பிக்குது. அங்கே பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் ஸ்டார்க் ஹாத்தவே என்ற உளவியலாளரும், மெக்கின்லி என்ற மருத்துவரும் சேர்ந்து 1930-களின் கடைசியில் ஒரு வேலை ஆரம்பிச்சாங்க. 1943-ல் வெளிவந்த அந்தக் கேள்வித்தாளுக்கு எம்எம்பிஐ-ன்னு பேர். 550 வாக்கியங்கள். அவங்க முறையில ஒரு புதுமை இருந்துது. 'மனச்சோர்வு உள்ளவன் இப்படித்தான் பதில் சொல்வான்'னு முன்கூட்டியே எந்தக் கொள்கையும் வெச்சுக்கல. நூத்துக்கணக்கான வாக்கியங்களை நோயாளிகளிடம் கொடு, ஆரோக்கியமானவங்களிடமும் கொடு. எந்த வாக்கியத்துல ரெண்டு கூட்டமும் வேற வேற மாதிரி பதில் சொல்லுதோ, அதை எடுத்து வெச்சுக்கோ. ஏன் அப்படின்னு கேட்காதே. அவ்வளவுதான்.

அந்த 'ஆரோக்கியமானவங்க' யாருன்னு பார்த்தேன், சிரிப்பு வந்துது. அந்த ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைப் பார்க்க வந்த சொந்தக்காரங்க, நண்பர்கள், 724 பேர். சராசரியா முப்பத்தஞ்சு வயசு, கல்யாணம் ஆனவர், கிராமத்துலயோ சின்ன டவுன்லயோ இருக்கிறவர், எட்டாங்கிளாஸ் படிப்பு. நம்ம ஊர்ல மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரோட வார்டு வாசல்ல காத்துக்கிட்டு நிக்கிற கூட்டம் மாதிரி ஒண்ணு! அவங்கதான் நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல உலகத்துக்கே 'நார்மல்' மனுஷனுக்கு அளவுகோல். 1989-ல் எம்எம்பிஐ-2 வந்தப்பதான் அந்த அளவுகோலை மாத்தினாங்க.

வாக்கியங்களும் அந்த ஊருக்கு ஏத்ததுதான். மெஷின், மெக்கானிக் பத்தின பத்திரிகை படிக்கப் பிடிக்குமா, பேப்பர்ல குற்றச் செய்தி படிக்கப் பிடிக்குமா, அப்பா நல்லவரா, இந்த மாதிரி. நெல்லித்தோப்பு டீக்கடையில தினத்தந்தியை விரிச்சு உக்காந்திருக்கிற யாரிடமாவது குற்றச் செய்தி பிடிக்குமான்னு கேட்டுப் பாருங்க. பேப்பரை மடிச்சு வெச்சுட்டு உங்களைத்தான் விசித்திரமாப் பார்ப்பார்.

இந்தியாவுக்கும் இது சீக்கிரமே வந்துது. பெங்களூர்ல இன்னிக்கு நிம்ஹான்ஸ்னு சொல்ற நிறுவனத்துல, 1960-களில் எச்.என். மூர்த்தி என்பவர் எம்எம்பிஐ-யை ஒட்டி 100 வாக்கியங்கள்ல ஒரு சின்ன வடிவம் செஞ்சார். 550 வாக்கியத்தை ஒரு நோயாளிக்குப் படிச்சுக் காட்டினா என்ன ஆகும்னு எனக்கு நல்லாவே தெரியும். என் மாமாவுக்குப் படிச்சதுலயே தொண்டை வறண்டு போச்சு. அதனால மூர்த்திக்கு ஒரு கும்பிடு.

சரி, மேட்டருக்கு வருவோம். குடி எப்போ உள்ளே வந்துது?

1965-ல் கிரெய்க் மேக்ஆண்ட்ரூ என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். குடிநோய்க்கு வெளிநோயாளியா வந்த 300 ஆண்கள், வேற மனநலப் பிரச்சினைக்கு வந்த 300 ஆண்கள். ரெண்டு கூட்டமும் எழுதின எம்எம்பிஐ-யை ஒப்பிட்டார். அதே மினசோட்டா முறைதான். 51 வாக்கியங்கள் தேறின. அதுல ரெண்டு நேரடியாக் குடியைப் பத்தினது. அந்த ரெண்டையும் அவரே வேணும்னே எடுத்துட்டார். ஏன்னா அதுல பொய் சொல்றது சுலபம். மீதி 49. சின்னப் பந்தயம் கட்டிச் சூதாடப் பிடிக்குமா, பள்ளிக்கூடத்துல ஒழுங்கா இருந்தீங்களா, இந்த மாதிரிக் கேள்விகள். 49-க்கு 24-ம் அதுக்கு மேலயும் வாங்கினா குடிநோய்ப் பக்கம்.

நூத்துக்கு எண்பதுக்கு மேல சரியாச் சொல்லுச்சு. எவ்வளவு பெரிய ஆசையா இருந்திருக்கும் பாருங்க! குடிக்கிறவன் பொய் சொல்வான்கிறது உலகத்துல எல்லா ஊருக்கும் தெரிஞ்ச விஷயம். அவனை அவனுக்கே தெரியாம மடக்கிப் பிடிக்க ஒரு வலை. ஆஸ்பத்திரிகளும், வேலைக்கு ஆள் எடுக்கிறவங்களும் அதைப் பிடிச்சுக்கிட்டதுல ஆச்சரியமே இல்ல.

நல்லது இருக்கிறதையும் சொல்லணும். 1974-ல் ஒரு சுவாரசியமான ஆய்வு வந்துது. மினசோட்டா பல்கலைக்கழகத்துல சேரும்போது எம்எம்பிஐ எழுதின மாணவர்கள்ல சிலர், சராசரியா 13 வருஷம் கழிச்சு குடிநோய்ச் சிகிச்சைக்கு வந்தாங்க. பழைய தாள்களைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்தா, கூடப் படிச்சவங்களை விட அவங்களுக்கு மேக்ஆண்ட்ரூ மதிப்பெண் அப்பவே கூடுதல். குடி முத்தறதுக்கு முன்னாடியே ஏதோ ஒண்ணு இருந்திருக்கு. அந்த 'ஏதோ ஒண்ணு' என்னன்னா, துணிச்சல், ஊர் சுத்தற ஆசை, கட்டுக்கு அடங்காத குணம், கூட்டத்துல கலகலப்பு. இதெல்லாம் இருக்கிறவன் குடிக்குள்ள விழ வாய்ப்பு அதிகம். ஆனா இதே குணங்களோட தொட்டுக்கூடப் பார்க்காம ஒருத்தர் ராணுவத்துலயும் இருப்பார், நாடகக் கம்பெனியிலயும் இருப்பார், ஏன், நம்ம பதிவர் கூட்டத்துலயும் இருப்பார் (பேர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும்).

என் மாமா எதிர்ப்பக்கம். அடக்கமான, பயந்த, கடமை தவறாத ஆள். மேக்ஆண்ட்ரூவே பின்னாடி இதை ஒத்துக்கிட்டார். குடிநோயாளிகள்ல ரெண்டாவதா ஒரு ரகம் இருக்கு, மனக்கஷ்டத்தை, பதற்றத்தை அமுக்கக் குடிக்கிறவங்க, அவங்க என் அளவுகோல்ல மாட்ட மாட்டாங்கன்னார். மாமா எழுதினது வேற தாள்தான். ஆனா மேக்ஆண்ட்ரூவோட தாளைக் கொடுத்திருந்தாலும் தப்பிச்சிருப்பார்னுதான் தோணுது.

ஓட்டைகள் ஒவ்வொண்ணா வெளியே வந்துது. அளவுகோல் ஆண்களை மட்டும் வெச்சு செஞ்சது, பெண்களுக்கு அதே சுத்தத்தோட வேலை செய்யல. 1983-ல் வால்டர்ஸ் குழு பார்த்தப்போ, கறுப்பின ஆண்கள்ல குடிநோயாளியையும் இல்லாதவரையும் அது பிரிச்சுக் காட்டல. 49-ல் நாலு மத நம்பிக்கை சம்பந்தப்பட்டது. எம்எம்பிஐ-2 வந்தப்போ அதுங்களைத் தூக்கிட்டு வேற நாலு போட்டாங்க. சாமி கும்பிடறதுக்கும் சாராயத்துக்கும் முடிச்சுப் போட்ட அளவுகோல் நெல்லித்தோப்பு மாதா கோயில் திருவிழா அன்னிக்கு என்ன சொல்லியிருக்கும்னு யோசிச்சுப் பார்த்தேன்!

எனக்குப் பெரிசாப் பட்டது வேற ஒண்ணு. 1989-ல் காட்ஸ்மன், பிரெஸ்காட் ரெண்டு பேரும் எழுதின விமர்சனம். அவங்க சொன்னது வெறும் கணக்குதான். மேக்ஆண்ட்ரூ பார்த்த கூட்டத்துல பாதிப்பேர் குடிநோயாளிகள். வெளியுலகத்துல அப்படி இல்ல. நம்ம ஊர்க் கணக்காப் போட்டுப் பார்க்கலாம். நெல்லித்தோப்பு மார்க்கெட்ல ஒரு காலை ஆயிரம் பேர் இருக்காங்கன்னு வைங்க. அதுல 50 பேருக்குக் குடிப்பிரச்சினை. அளவுகோல் நூத்துக்கு 80 சரி. அப்ப 50-ல் 40 பேரைப் பிடிக்கும். நல்லது. மீதி 950 பேர்ல நூத்துக்கு 20 தப்பு, அதாவது 190 பேரை வீணாப் பிடிக்கும். மொத்தம் 230 பேருக்கு முத்திரை, அதுல உண்மையான ஆள் 40. ஆறு பேரைப் பிடிச்சா அஞ்சு பேர் நிரபராதி. மீன் விக்கிற அக்கா, பூக்கட்டுற ஆயா, லோடு இறக்குற தம்பி எல்லாரும் உள்ளே! ஆஸ்பத்திரியில உதவியா இருக்கிற கருவி, வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்துல ஒருத்தன் சோத்துல மண்ணைப் போடுறது இப்படித்தான். சர்ட்டிபிகேட் எல்லாம் சரியா இருந்தும் 'ஆளுமைத் தேர்வுல போச்சு'ன்னு ஒத்த வரியில வேலை இல்லாமத் திரும்பி வந்த பையன் ஒருத்தனை எனக்குத் தெரியும். எந்த மதிப்பெண்ல போச்சுன்னு கடைசிவரைக்கும் அவனுக்கு யாரும் சொல்லல.

இன்னொரு பக்கம் ஜார்ஜ் வைலண்ட். அமெரிக்காவில் 1940 வாக்கிலேயே ஆரம்பிச்ச ரெண்டு பெரிய ஆய்வுகள், ஒண்ணு ஹார்வர்டு மாணவர்கள், இன்னொண்ணு பாஸ்டன் ஏழைப் பகுதிப் பையன்கள். அவங்களைப் பல பத்து வருஷம் விடாமப் பின்தொடர்ந்த தகவல்களை வெச்சு 1983-ல் குடிநோயின் இயல்பான வரலாறுன்னு புத்தகம் போட்டார். 'பதற்றம், அடுத்தவரைச் சார்ந்து இருக்கிறது, மனச்சோர்வு, இதனாலதான் குடிக்கிறான்'னு எல்லாரும் சொன்னதைத் தலைகீழாத் திருப்பினார். பெரும்பாலும் குடி முதல்ல, அந்தக் குணங்கள் அப்புறம். குடிச்சுக் குடிச்சு இப்படி ஆனவனிடம் கேள்வித்தாள் கொடுத்து 'பார், இவன் இப்படி இருக்கான், அதனாலதான் குடிக்கிறான்'னு சொல்றது, வெள்ளம் வடிஞ்ச வீட்டைப் பார்த்துட்டு 'ஈர வீடுன்னா வெள்ளம் வரும்'னு சொல்றது மாதிரி.

இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச திருப்பம் மேக்ஆண்ட்ரூவே. அளவுகோல் வந்து நாலே வருஷத்துல, 1969-ல், ராபர்ட் எட்ஜர்டன் என்ற மானிடவியலாளரோட சேர்ந்து 'ட்ரங்கன் கம்போர்ட்மென்ட்'னு ஒரு புத்தகம் எழுதினார். சுருக்கம் இதான்: குடிச்சவன் எப்படி நடந்துக்கிறான்கிறதை சரக்கு மட்டும் தீர்மானிக்கிறதில்ல, அவன் சமூகம் அவனுக்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்கோ அதுதான் முக்கியம். பொலிவியாவில் கம்பா என்ற மக்கள் தொண்டை எரியற சாராயத்தை விடிய விடியக் குடிச்சாலும் அடிதடி கிடையாதுன்னு ட்வைட் ஹீத் பதிவு செஞ்சதையெல்லாம் உதாரணமா எடுத்துக்கிட்டாங்க. ஒரு கையால 'குடிகாரன் குணம்' அளக்கிற ஸ்கேல், மறு கையால 'எல்லாம் ஊர் கத்துக்கொடுக்கிறதுதான்'னு புத்தகம். ஸ்கேல் எல்லா நாட்டுக்கும் போச்சு. புத்தகத்தை மானிடவியல்காரங்க மட்டும் படிச்சாங்க.

பாண்டிக்காரனுக்கு அந்தப் புத்தகத்தைப் புரிய வைக்கவே வேணாம். 1948-ல் மெட்ராஸ் ராஜதானி முழுக்க மதுவிலக்கு வந்தப்போ இங்கே பிரெஞ்சுக்காரன் ஆட்சி. அங்கே பூட்டு, இங்கே திறந்த கடை. இன்னிக்கும் சாராயமும் கள்ளும் சட்டப்படி விக்கிற ஊர். சனிக்கிழமை ராத்திரி வெளியூர்லேர்ந்து வர்ற பையன் ஒரு பீருக்கு ரோட்ல உருள்றான். எங்க தெருவுல இருந்த சொல்தா தாத்தா (பிரெஞ்சு ராணுவத்துல இருந்து பென்ஷன் வாங்கினவங்களுக்கு எங்க ஊர்ப் பேர்) தினமும் மத்தியானச் சாப்பாட்டோட ரெண்டு கிளாஸ் வைன் குடிச்சுட்டு, நாப்கினை மடிச்சு வெச்சுட்டுத் தூங்கப் போவார். மூணாவது வீட்டுல என் மாமா. விடியற்காலை சாராயக்கடையில ஒரு கிளாஸ், சாயங்காலம் பிராந்திக்கடையில ஒரு குவார்ட்டர், யாருக்கும் ஒரு சத்தம் கேக்காது. இதுல ஆபத்து யாருக்குன்னு குணத்தை வெச்சுச் சொல்லிட முடியுமா?

அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? இதுக்கு விடை ரொம்ப சாதாரணம். நேராக் கேக்கிறது.

வட கரோலினாவில் ஜான் யுவிங் என்ற டாக்டர் 1960-களின் கடைசியில நாலு கேள்வி தேத்தினார். குறைக்கணும்னு தோணியிருக்கா, அடுத்தவங்க குறை சொல்லி எரிச்சல் வந்திருக்கா, குற்ற உணர்ச்சி வந்திருக்கா, காலையில எழுந்ததும் முதல் வேலையாக் குடிக்க வேண்டியிருக்கா. 'கேஜ்'னு பேர். 1984-ல் அமெரிக்க மருத்துவச் சங்கப் பத்திரிகையில வந்த பிறகு உலகம் பூரா பரவிச்சு. நாலே கேள்வி, ஒளிவுமறைவு இல்ல. (நம்ம ஊருக்கு அந்த மூணாவது கேள்வி சரிப்படுமான்னு எனக்கு சந்தேகம். வருஷத்துக்கு ஒரு பீர் குடிச்சுட்டு ஒரு வாரம் அம்மா முகத்தைப் பார்க்க முடியாம அலையற பசங்க இங்கே எத்தனை பேர்!)

ஆனா அதுலயும் ஒரு சூட்சுமம். 1993-ல் ஸ்டெயின்வெக், வொர்த் ரெண்டு பேரும் ஒரு ஆய்வு செஞ்சாங்க. டாக்டர் முதல்ல 'எவ்வளவு குடிப்பீங்க'ன்னு அளவு கேட்டுட்டு அப்புறம் இந்த நாலு கேள்வி கேட்டா, பிரச்சினை உள்ளவங்கள்ல மூணுல ஒருத்தர்தான் மாட்டினார். 'உங்க குடிப்பழக்கத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன்'னு பேச்சை ஆரம்பிச்சுட்டுக் கேட்டா, கிட்டத்தட்ட எல்லாருமே மாட்டினாங்க. அதே நாலு கேள்வி!

குடிக்கிறவன் பொய்தான் சொல்வான்கிற நம்பிக்கையையும் மார்க் சோபெல், லிண்டா சோபெல் தம்பதி வருஷக்கணக்கா சோதிச்சுப் பார்த்தாங்க. ஆள் நிதானத்துல இருக்கணும், சொன்னது வெளியே போகாதுன்னு உறுதி இருக்கணும், சொன்னதால தண்டனை வராதுன்னு தெரியணும், கேள்வி தெளிவா இருக்கணும். இதெல்லாம் இருந்தா பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்றாங்க. என் மாமாவுக்கு அந்த அட்மிஷன் மேசையில இதுல எத்தனை இருந்துது? நிதானம் ஒண்ணுதான்.

மறைமுகக் கேள்விக்காரங்க சும்மா இருக்கல. 1988-ல் 'சாஸி'ன்னு ஒண்ணு வந்துது, மறுக்கிறவனையும் பிடிச்சுடுவோம்னு விளம்பரத்தோட. 2007-ல் ஃபெல்ட்ஸ்டைனும் வில்லியம் மில்லரும் அதைப் பத்தின ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, நேரடிக் கேள்வியை விட இது ஒண்ணும் கூடுதலாக் கண்டுபிடிக்கிறதுக்கு ஆதாரம் இல்லைன்னு எழுதிட்டாங்க. எம்எம்பிஐ வீட்டுக்குள்ளேயே கதை முடிஞ்சது இன்னும் வேடிக்கை. 1992-ல் எம்எம்பிஐ-2-லேர்ந்து ரெண்டு புது அளவுகோல் எடுத்தாங்க. ஒண்ணு மறைமுகம். இன்னொண்ணு 'ஆமா, எனக்குப் பிரச்சினை இருக்கு'ன்னு நேரா ஒத்துக்கிற 13 வாக்கியங்கள். அப்புறம் வந்த ஆய்வுகள்ல பலதுல அந்த 13-தான் மேக்ஆண்ட்ரூவையும் சேர்த்து மத்ததுங்களை முந்துச்சு. மேக்ஆண்ட்ரூ 1965-ல் வேணாம்னு தூக்கிப் போட்ட வகைக் கேள்விதான் கடைசியில ஜெயிச்சுது!

உலக சுகாதார நிறுவனத்தோட 'ஆடிட்' (1993) பத்துக் கேள்வி. ஆஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்சிகோ, நார்வே, அமெரிக்கான்னு ஆறு நாட்டுல சோதிச்சு செஞ்சது. இந்தியா அதுல இல்ல, ஆனா இங்கேயும் நல்லாவே வேலை செய்யுதுன்னு பிறகு பார்த்திருக்காங்க. அதை நம்ம அளவுல போட்டுப் பார்த்தேன். ஒரு 'டிரிங்க்'னா சுமார் 10 கிராம் ஆல்கஹால். நம்ம பிராந்தி 42.8 சதவீதம், அதனால 30 மில்லி ஒரு டிரிங்க். குவார்ட்டர் 180 மில்லி. ஆக, ஒரு குவார்ட்டர் = ஆறு டிரிங்க். ஆடிட்ல மூணாவது கேள்வி, ஒரே நேரத்துல ஆறு டிரிங்க்கும் மேலயும் எத்தனை தடவைங்கிறது! 'ஒரு குவார்ட்டர்தானேப்பா'ன்னு சொல்றவர் ஒவ்வொரு நாளும் அந்தக் கோட்டைத் தொடறார். மாமாவோட சாயங்காலக் குவார்ட்டரை மட்டும் கணக்கு வெச்சேன். முதல் கேள்விக்கு 4, ரெண்டாவதுக்கு 2, மூணாவதுக்கு 4. மொத்தம் 10. எச்சரிக்கைக் கோடு 8. காலை கிளாஸைச் சேர்க்கவே இல்ல, மீதி ஏழு கேள்வியைத் தொடவே இல்ல.

போதை மருந்துக்கும் சேர்த்துக் கேக்கிற 'அசிஸ்ட்' பிறகு வந்துது. 2002-ல் வெளியான அதோட முதல் சோதனையில இந்தியாவும் இருந்துது. எய்ம்ஸ் குழு நடத்தி 2019-ல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்புல அதைத்தான் பயன்படுத்தினாங்க. 10-லேர்ந்து 75 வயசு வரைக்கும் 14.6 சதவீதம் பேர், சுமார் 16 கோடி, குடிக்கிறாங்க, 5.2 சதவீதத்துக்குப் பிரச்சினை அளவுல. (மேல மார்க்கெட் கணக்குல 50 பேர்னு போட்டது இதை வெச்சுத்தான்.) இதுல எனக்குப் பிடிச்ச நேர்மை என்னன்னா, சட்டவிரோதப் போதைக்கு வீடு வீடாப் போய்க் கேட்டா மறைப்பாங்கன்னு அவங்களே ஒத்துக்கிட்டு, பயன்படுத்தறவங்க மூலமாவே அடுத்தவங்களைத் தேடிப் போய்க் கேக்கிற தனி முறையைச் சேர்த்துக்கிட்டாங்க. கேள்வி எவ்வளவு நல்லதானாலும், வாசல்ல அப்பா நிக்கும்போது கஞ்சாவைப் பத்திப் பையன் பேசுவானா?

மறுபடி வார்டுக்கு வர்றேன். அந்தக் கேள்வித்தாள் 'கோளாறு இல்லை'ன்னு சொன்ன அன்னிக்கு ராத்திரி, டியூட்டியில ஒரு வயசான நர்ஸ் அம்மா. மாப்பிள்ளையை டீ வாங்கிட்டு வரச் சொல்லி வெளியே அனுப்பினாங்க. என்னையும் 'நீயும் கூடப் போப்பா'ன்னாங்க. நான் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுட்டேன் (தப்புதான்). கட்டில் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்து, மாமா கையைப் பிடிச்சு நாடி பார்த்துக்கிட்டே, சாதாரணமாக் கேட்டாங்க.

"காலைல கை நடுங்குமா அண்ணே? எத்தினி மணிக்கு மொத கிளாஸ்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"அஞ்சரைக்கு" ன்னார் மாமா. "மில்லுக்குப் போற காலத்துலேர்ந்து. மெஷின்ல கை நிக்கணும்ல."

முப்பது வருஷத்துல அதை யார்கிட்டயும் அவர் சொன்னதில்ல. அத்தைக்கே அந்தக் காலைக் கணக்கு தெரியாது. அப்புறம் ஒன்றரை வருஷம் தொடாம இருந்தார், மறுபடி ஆரம்பிச்சார், மறுபடி நிறுத்தினார். 2014-ல் இதய நோய்ல போனார். கடைசி மூணு வருஷம் சுத்தம்.

டிஸ்கி: நான் உளவியல் படிச்சவன் இல்ல, கணக்குப் பிள்ளை உத்தியோகம். நம்மள்ல மருத்துவம் படிச்ச மக்கள் தப்பு இருந்தா பின்னூட்டத்துல அடிச்சுச் சொல்லுங்க, திருத்திக்கிறேன். தினமும் குடிக்கிற சொந்தக்காரர் யாரையாவது ஆபரேஷனுக்குச் சேர்க்கறீங்கன்னா, அட்மிஷன் மேசையில கூட்டமா நிக்காதீங்க. டாக்டரைத் தனியாப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க.